நிற்கிறவர்கள் கட்சி

"மாமா, இங்கே இப்போதெல்லாம் யாரும் சும்மா நிற்க வேண்டியதே இல்லை!" என்றான் என் மருமகன்.

ஏதோ ரேஷன் கடை வரிசையை ஒழித்துக் கட்டிவிட்டவன் மாதிரி அவ்வளவு பெருமை அவன் குரலில்.

இடம், அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரின் டவுன் ஹால். நேரம், பனி பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை இரவு. மரப் பலகை பாவிய தரை, சுவரோரமாகப் பெஞ்சுகள், மேடையில் ஒரு பிடில், ஒரு பியானோ, ஒரு அக்கார்டியன். வாசலில் எல்லாரும் பனிக்கு மாட்டி வந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வேறு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆடுகிற தரை கீறிப் போய்விடக் கூடாதாம். அந்த ஒரு காரியத்தைப் பார்த்ததுமே அந்த ஜனங்களை எனக்குப் பிடித்துப் போயிற்று.

என் தங்கை பிள்ளை அந்தப் பக்கத்தில் வெகு காலமாக இருக்கிறான். வாரம் தவறாமல் காண்ட்ரா நடனத்துக்குப் போகிறவன். நடனக் கமிட்டியிலும் ஓர் அங்கத்தினன். நான் போயிருந்த இடத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"நின்றால்தான் என்னடா குறைந்து போகும்?" என்று கேட்டேன்.

"டயம் வேஸ்ட்தானே, மாமா?"

அன்று இரவு வீடு திரும்பிய பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒன்றரை மணி வரை நானும் அவனும் சண்டை போட்டோம். அவன் தன் கட்சியை முழுக்கச் சொல்லிவிட்டு, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுந்து படுக்கப் போய்விட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கட்சியை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பேனா என் கையில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

வாசகர்களில் சிலர் இதற்குள் பக்கத்தைப் புரட்டத் தொடங்கியிருப்பீர்கள். 'எங்கேயோ வெள்ளைக்காரர்கள் பனிக்காலத்தில் ஆடுகிற ஆட்டம். அதில் யார் நின்றால் என்ன, யார் ஓடினால் உமக்கு என்ன?' கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சொந்த வீட்டு வழக்கு. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். கதை படிக்கிறவர்களான உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் ஆட்டம் இன்னதென்று தெரிய வேண்டும். ஆடுகிறவர்கள் இரண்டு நீண்ட வரிசைகளாக எதிரும் புதிருமாக நிற்பார்கள். வாத்தியக்காரர்கள் இருக்கும் பக்கம் வரிசையின் தலை, எதிர்ப்பக்கம் கால். மேடையில் ஒருவர் நின்றுகொண்டு, அடுத்தபடி என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளம் தப்பாமல் கூவிச் சொல்லுவார். ஜோடிகளை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைப்பக்கம் இருப்பது ஒன்றாம் ஜோடி. கால்பக்கம் இருப்பது இரண்டாம் ஜோடி. 64 எட்டு வைக்கிற நேரம், சுமார் அரை நிமிஷம், ஒரு சுற்று. சுற்று முடிகிறபோது ஒன்றாம் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கியிருக்கும். இரண்டாம் ஜோடி ஓர் இடம் மேலே ஏறியிருக்கும். இருவருக்கும் எதிரே புது முகங்கள். மறுபடி அதே 64 எட்டு. இப்படியே ஒன்றாம் ஜோடி கால் வரைக்கும் போய், அங்கே ஒரு சுற்று வெளியே நின்று, இரண்டாம் ஜோடியாக மாறித் தலையை நோக்கி ஏறி வரும். தலைக்கு வந்ததும் திரும்பவும் ஒன்றாம் ஜோடி. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய நடனங்களில் இந்த இரண்டு ஜோடிகளும் சமமாக ஆடுவதில்லை. ஆட்டத்தின் அலங்காரமெல்லாம் ஒன்றாம் ஜோடிக்கே. இரண்டாம் ஜோடி பெரும்பாலும் இருந்த இடத்தில் நிற்கும்; வேண்டியபோது ஒரு கை கொடுக்கும். முதல் ஜோடிக்கு 'ஆக்டிவ்' என்றும் இரண்டாம் ஜோடிக்கு 'இன்ஆக்டிவ்' என்றும் பெயர். இந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டாலே என் மருமகனுக்கு உடம்பு எரிகிறது.

'கோரஸ் ஜிக்' என்று ஒரு பழைய நடனம். பெயரில்தான் ஜிக், மெட்டு என்னவோ ரீல். (இந்த மாதிரிப் பெயர்க் குளறுபடிகள் இல்லாத பாரம்பரியக் கலை உலகத்தில் எங்கும் கிடையாது போலிருக்கிறது.) அதில் ஒன்றாம் ஜோடி வரிசைகளின் வெளிப்புறமாக ஆளுக்கு ஒரு பக்கம் நடந்து கீழே போய்த் திரும்பும். பிறகு இருவரும் சேர்ந்து நடுவழியே கீழே போய் வந்து, இரண்டாம் ஜோடியைச் சுற்றிக்கொண்டு ஓர் இடம் கீழே வரும். அப்புறம் நடுவில் ஒருவரை ஒருவர் வலது கையால் பிடித்துச் சுற்றி, மூலையில் நிற்பவரை இடது கையால் சுற்றி, மறுபடி தன் ஜோடியை வலது கையால் சுற்றி, அடுத்த மூலைக்காரரை இடது கையால் சுற்றி வர வேண்டும். கடைசியில் ஜோடி இரண்டும் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலும் 'ஸ்விங்'. அத்தனையும் ஒன்றாம் ஜோடிக்கு. இரண்டாம் ஜோடிக்கு என்ன வேலை? சுற்றி இறங்குகிறபோது கூடவே திரும்பிக் கொடுக்க வேண்டும். மூலையில் நின்று, வருகிறவருக்கு இடது கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அன்று இரவு நடந்த பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் பழைய ஆட்டம் இந்த ஒன்றுதான். மேடையிலிருந்தவர் இதை அறிவித்தபோது சிலர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயசைத் தாண்டிய ஒரு பாட்டியம்மாள் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள். அங்கே பெண்கள் கூப்பிடுவது சகஜமாம்.

"எனக்கு ஆடத் தெரியாதே, அம்மா" என்றேன்.

"நிற்கத் தெரியுமல்லவா?" என்றாள்.

பத்து ஜோடிகள் கொண்ட வரிசை. எங்களுக்குக் கால்பக்கத்தில் கடைசி இடம். ஒன்பது சுற்றுக்கள் நான் நின்றேன். அந்த ஒன்பது சுற்றுக்களில் மற்ற ஒன்பது ஜோடிகளும் வரிசையாக என் முன்னால் வந்து, ஆடிவிட்டு, என்னைக் கடந்து போனார்கள். முதல் இரண்டு பேருக்கு நான் நீட்டிய கை தப்பான கை. மூன்றாவதாக வந்த தாடிக்காரர் என் இடது கையைத் தானே தேடி எடுத்துக்கொண்டார். ஐந்தாவதாக வந்தது பன்னிரண்டு வயசுப் பெண்ணும் அவள் தகப்பனும். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, எண்ணிக்கையைக் கண்ணாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழாவது ஜோடிக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம் இருக்க வேண்டும். ஸ்விங் சுற்றும்போது இரண்டு பேரும் வெவ்வேறு ஜன்னலைப் பார்த்தார்கள். எட்டாவது ஜோடி வந்தபோது எனக்கு ஆட்டம் முழுவதும் பாடமாகியிருந்தது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நின்று பார்த்தேன், வந்துவிட்டது. தலைக்கு வந்து, ஒரு சுற்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு நாங்கள் ஒன்றாம் ஜோடியாகப் புறப்பட்டோம். நான் ஆடினேன் என்று சொன்னால் பாட்டியம்மாள் சாட்சி சொல்ல வருவாளோ என்னவோ! ஆனால் தடுக்கி விழவில்லை. யாருடைய ஆட்டத்தையும் கெடுக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆட்டம் நவீன ஆட்டம். "இதிலும் வாருங்கள், மாமா" என்று மருமகன் இழுத்துவிட்டான். நவீன ஆட்டத்தில் ஒன்றாம் ஜோடி, இரண்டாம் ஜோடி என்பதெல்லாம் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதற்கு மட்டும்தான். நாலு பேரும் 64 எட்டுக்கும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து ஜோடிக்காரரோடு ஒரு ஸ்விங். சொந்த ஜோடியோடு ஒரு ஸ்விங். நடுவில் நாலு பேரும் பின்னிப் பின்னி நடக்கும் ஒரு கோலம். முதல் சுற்றிலேயே நான் தொலைந்து போனேன். நான் தொலைந்ததால் என்னோடிருந்த மூன்று பேரும் தொலைந்தார்கள். அடுத்த சுற்றில் அந்த மூவரோடு சேர்ந்தவர்களும் தடுமாறினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் என்னைத் தள்ளித் தள்ளிச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள், பரம சாதுக்கள். ஆனாலும் மூன்றாவது சுற்றில் நானாகவே கும்பிடு போட்டுவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினேன்.

இது எவ்வளவு வேடிக்கை, பாருங்கள்! யாரையும் நிற்க வைக்கக் கூடாது என்று தீர்மானம் பண்ணினார்கள். அதன் பலனாக நான் ஹாலுக்குள் நிற்க முடியாமல், ஹாலின் ஓரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பழைய ஆட்டத்தில் வரிசைக்குள்ளேயே எனக்கு ஓர் இடம் இருந்தது. எதிரே ஒரு ஜோடி, பக்கத்தில் ஒரு ஜோடி, நீட்ட ஒரு கை. அந்த இடத்துக்குப் பெயர்தான் 'இன்ஆக்டிவ்'.

இந்த மாற்றம் எப்படி வந்தது? பூர்வ கதையை நீட்ட விரும்பவில்லை. இங்கிலாந்தில் ஜான் பிளேஃபோர்டு என்பவர் 1651-இல் அச்சிட்ட நடனப் புத்தகத்திலேயே, 'எத்தனை பேர் வந்தாலும் சரி' என்று சேர்ந்துகொள்ளக்கூடிய நீள வரிசை நடனங்கள் இருக்கின்றன. அவை கடல் தாண்டிப் போயின. நகரங்களில் குவாட்ரில்லும் வால்ட்ஸும் போல்காவும் வந்து அவற்றைத் துரத்தின. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் மாகாணங்களின் மலைக் கிராமங்களில் மட்டும் அவை தங்கிவிட்டன. அந்த மண்ணில் 1903-இல் பிறந்த ரால்ப் பேஜ் என்பவர் 1930-இல் மேடையேறிக் கூவத் தொடங்கினார். 1937-இல் பெத் டோல்மன் என்ற அம்மையாருடன் சேர்ந்து நாட்டுப்புற நடனங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1949 முதல் 1984 வரை 'நார்தர்ன் ஜங்கெட்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். முப்பத்தைந்து வருஷம் ஒரு சிறு பத்திரிகை! நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிடிவாதம் உண்டு? 1985-இல் அவர் காலமானார்.

அவருக்குப் பின்வந்த தலைமுறையில் கான்டர்பரி ஊர் டட்லி லாஃப்மன் போன்றவர்கள் மூலமாக 1960-களிலும் 1970-களிலும் இளைஞர் கூட்டம் இந்த ஹால்களுக்குள் புகுந்தது. அவர்கள் வராவிட்டால் இந்தக் கலை இன்று இல்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். ஆனால் வந்தவர்களுக்கு நிற்கப் பொறுமை இல்லை.

'பெட்ரோனெல்லா' என்று ஒரு நடனம், ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. ஒன்றாம் ஜோடி எதிரெதிரே நின்று, முன்னும் பின்னும் ஒரு அசைவு அசைந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கால் வட்டம் நகரும். இப்படி நாலு தடவை நகர்ந்தால் ஒரு வைர வடிவத்தின் நாலு முனையையும் தொட்டுப் பழைய இடத்துக்கு வரலாம். இரண்டு பேர், நாலு முனை. சுற்றிலும் நிற்கிறவர்களின் நடுவில் அந்த வெற்றிடம் இருந்தால்தான் வைரம் கண்ணுக்குத் தெரியும். 1970-களில், நிற்க வேண்டிய இளைஞர்கள் தாங்களும் கூடவே சுழலத் தொடங்கினார்கள். போதாக்குறைக்குச் சுழலும்போது இரண்டு கைத்தட்டு வேறு. பார்ப்பதற்கு உற்சாகமாகத்தான் இருக்கிறது. நானே அன்று காலால் தாளம் போட்டேன். ஆனால் வைரம் போய்விட்டது. நாலு பேர் ஒரு வட்டத்தில் ஓரோர் இடம் தள்ளி நிற்பதுதான் மிச்சம். இன்றைக்கு எத்தனையோ புது நடனங்களில் 'பெட்ரோனெல்லா' என்றால் இந்த நாலு பேர் சுழலுக்குத்தான் பெயர்.

நடனம் கட்டுகிறவர்களும் இதே வழியில் போனார்கள். அதற்கு முன்பே 1958-இல் ஹெர்பி கோட்ரோ என்பவர் 'பெக்கெட் ரீல்' என்று ஒன்று அமைத்திருந்தார். அதில் ஜோடி எதிரெதிரே நிற்காமல் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எல்லாருக்கும் சம வேலை. அந்த அமைப்புக்கே 'பெக்கெட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. டெட் சானெல்லா 1982-இல் ஒரு புத்தகம் போட்டார். லாரி ஜென்னிங்ஸ் 1983-இல் சுமார் 500 நடனங்களைத் தொகுத்தார். அந்தத் தொகுப்பின் பெயரிலேயே 'காரசாரம்' இருக்கிறது. இவர்களைக் குறை சொல்ல நான் யார்? சானெல்லா கட்டிய நடனங்களில் ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவுக்குள் எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அது பெரிய கைவேலை. என் வழக்கு அந்தக் கைவேலையின் மீது இல்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நடனம் நடனமாகக் கட்டித் தள்ளினார்களே, 'ஒருவரும் ஒரு கணமும் நிற்கக் கூடாது' என்று, அந்தச் சட்டத்தின் மீதுதான்.

இனி மருமகன் கட்சி. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"சிலரை ஆட விட்டுச் சிலரை நிற்க வைப்பது ஜனநாயகமா?" என்று கேட்டான்.

இது வெறும் வார்த்தை ஜாலம். ஒன்றாம் ஜோடி எப்போதும் ஒன்றாம் ஜோடியாகவே இருந்தால் அது ஜமீன்தாரி. இங்கேதான் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சக்கரம் நகர்கிறதே! கீழே இறங்குகிறவன் ராஜா. ஏறி வருகிறவன் தூண். சற்று நேரத்தில் இருவரும் இடம் மாறுவார்கள். ஒருவர் பேச மற்றவர் கேட்டு, பிறகு அவர் பேச இவர் கேட்பதும் ஜனநாயகம்தான். நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினால் அதற்குச் சந்தைக்கடை என்று பெயர்.

"சரி, மாமா. கடைசி ஜோடிக்கு முறை வராமலே போகிறதே?" என்றான்.

இது நியாயமான கேள்வி. நான் சிறிது நேரம் வாயடைத்துத்தான் போனேன். பட்டணத்துப் பெரிய ஹாலில் ஒரு வரிசையில் இருபது ஜோடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிஷம் வாசித்தால் பதினைந்து சுற்று. காலில் தொடங்கிய ஜோடி பதினைந்து இடம்தான் ஏறியிருக்கும். தலையைக் காணாமலே மெட்டு நின்றுவிடும். அவர்கள் பஸ் சார்ஜ் கொடுத்து வந்தது நிற்பதற்கு மட்டும் என்றாகிவிடுகிறது. பழைய முறையில் மூன்று ஜோடிகளுக்கு ஒரு ஜோடிதான் ஆடும். ஒன்று, நாலு, ஏழு என்று எண்ணிப் புறப்படுகிற அந்த நடனங்களில் நிலைமை இன்னும் மோசம். இது அநியாயம்தான். ஆனால் அநியாயம் பண்ணினது யார்? நடனமா, கடிகாரமா? வரிசையை ஆறு ஆறு ஜோடிகளாக வெட்டினால் தீர்கிற காரியம் இது. அப்படி வெட்டி ஆடுகிற வழக்கம் அந்த ஊர்களிலேயே உண்டு. கூரை ஒழுகுகிறது என்பதற்காக வீட்டையே இடித்துவிட்டுக் கூடாரம் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மறுபேச்சில்லாமல் நவீனர்கள் கட்சி. பழைய முறையில் ஆண்கள் எல்லாரும் ஒரு வரிசை, பெண்கள் எல்லாரும் எதிர் வரிசை. அதற்கு 'முறையானது' என்று பெயர். ஒன்றாம் ஜோடி இடம் மாறி நின்றால் 'முறையற்றது'. இன்று ஆடுவதில் ஏறக்குறைய எல்லாமே 'முறையற்றவை'தான். ஒருவரும் கெட்டுப் போய்விடவில்லை. சமீப வருஷங்களில் பல ஊர்களில் ஆண், பெண் என்று கூவுவதையும் விட்டுவிட்டார்கள். இடப்பக்கம் நிற்பவர் 'லார்க்', வலப்பக்கம் நிற்பவர் 'ராபின்'. இரண்டும் பறவைகள், இடத்தையும் வலத்தையும் குறிக்கும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துத்தான் இவற்றுக்கும் முதலெழுத்து. யார் வேண்டுமானாலும் எந்தப் பறவையாகவும் இருக்கலாம். என்னை அழைத்த பாட்டியம்மாள் அடுத்த ஆட்டத்தில் லார்க்காக நின்று ஒரு வாலிபனைச் சுற்றி விட்ட சுற்றில் அவன் மூக்குக் கண்ணாடி பறந்தது. இதற்கு நான் விரோதி இல்லை. யார் எங்கே நிற்பது என்பதை மாற்றுங்கள். நிற்பதையே ஒழிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என் சொந்த வீட்டு வழக்குக்கு வருகிறேன்.

ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நெதர்ஃபீல்டு மாளிகை நடனத்தில் எலிசபெத்தும் டார்ஸியும் முதல் தடவையாகச் சேர்ந்து ஆடுகிறார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆடுகிறார்கள் என்று சொல்கிறோமே தவிர, அந்தப் பக்கங்களில் அவர்கள் செய்வதெல்லாம் பெரும்பாலும் நிற்பதுதான். வரிசையில் எதிரெதிரே நிற்கிறார்கள். முதலில் பேச்சே இல்லை. பிறகு அவள் நடனத்தைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை சொல்லி அவனைச் சீண்டுகிறாள். தங்கள் முறை வந்ததும் ஆடிவிட்டு, மறுபடி நின்று விக்கமைப் பற்றிக் குத்தலாகப் பேசுகிறார்கள். நடுவில் சர் வில்லியம் லூகாஸ் வரிசையைக் கடக்க வந்து, நின்று, ஒரு வம்பைப் போட்டுவிட்டுப் போகிறார். நவீன ஆட்டத்துக்குள் சர் வில்லியம் கால் வைத்திருந்தால் நாலு பக்கத்திலிருந்தும் இடிபட்டு முதுகெலும்பு முறிந்திருக்கும். எலிசபெத்துக்கும் டார்ஸிக்கும் மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது. பேச்சு எங்கே? சண்டை எங்கே? பிற்பாடு மனம் மாறுவது எங்கே? அந்த அம்மாள் நாவல் எழுதியது அவள் காலத்து நடனத்தில் நிற்கிற நேரம் இருந்த புண்ணியத்தால். 'நார்தாங்கர் அபே'யில் ஹென்றி டில்னி இந்த நடனத்தைக் கல்யாணத்தோடு ஒப்பிட்டு ஒரு பிரசங்கமே செய்கிறான். அதற்கும் அவகாசம் இருந்தது.

நிற்கவே விடாத ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. தாமஸ் ஹார்டி வாலிபத்தில் தாமே நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர். அவர் 1893-இல் எழுதிய கதையில் ஒரு பிடில்காரன் வாசிக்கிறான். ஒரு பெண் நிறுத்த முடியாமல் ஆடுகிறாள். கூட ஆடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் களைத்து விலகுகிறார்கள். அவள் மட்டும் விழுகிற வரைக்கும் ஆடுகிறாள். அவள் நினைவு தப்பிக் கிடக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிடில்காரன் போய்விடுகிறான். ஹார்டி இதை ஒரு பயங்கரமாகத்தான் எழுதினார். நம் காலத்தில் அதையே சனிக்கிழமை நிகழ்ச்சி நிரலாகப் போட்டுவிட்டோம். (கொஞ்சம் மிகைதான். கோபத்தில் எழுதுகிறவனுக்கு இவ்வளவு சலுகை உண்டு.)

என் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். பெயர் வேண்டாம். அதில் ஒரு பெரியப்பா. திண்ணையில் உட்கார்ந்திருப்பார், வருகிறவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லுவார். எட்டு அத்தியாயத்துக்கு அவ்வளவுதான் அவர் வேலை. நாலாவது வாரம் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தப் பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு ஏதாவது ரகசியம் வைக்கக் கூடாதா?" என்றார். அடுத்த வாரம், "சமையற்காரிக்கும் ஒரு காதல் இருக்கட்டுமே" என்றார். நான் கோழை, எழுதிக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு ரங்கூனில் ஒரு ரகசியக் குடும்பம் முளைத்தது. சமையற்காரி கடிதம் எழுதினாள். பால்காரனுக்குக்கூட ஒரு திடுக்கிடும் திருப்பம் வைத்தேன். பன்னிரண்டு பாத்திரங்கள், பன்னிரண்டு கதாநாயகர்கள். வாரா வாரம் எல்லாரும் ஸ்விங் ஆடினார்கள். கதை முடிந்த பிறகு ஒரு வாசகி எழுதினாள்: 'அந்தப் பெரியப்பாவை மோர் கொடுக்கிற வரைக்கும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.' ஆசிரியரின் கடிதங்களை எல்லாம் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த ஒரு கார்டை வைத்திருக்கிறேன்.

மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நடனங்கள் பலவற்றுக்கு அததற்கென்று ஒரு மெட்டு உண்டு. 'கோரஸ் ஜிக்' நடனத்தை 'கோரஸ் ஜிக்' மெட்டுக்குத்தான் ஆடுவார்கள். 'மணி மஸ்க்' என்ற ஸ்காட்லாந்து மெட்டு, நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் ஆடுகிற கணக்கில், 24 தாளக்கட்டு. மற்றவை எல்லாம் 32. அந்த 24-க்குள் ஆட்டத்தைத் திணித்து முடிக்க வேண்டியிருப்பதில்தான் அதன் ருசி. நவீன நடனங்கள் எல்லாம் ஒரே 32 அளவில் வெட்டப்பட்டவை. எந்த மெட்டுக்கும் எந்த நடனமும் பொருந்தும். சௌகரியம்தான். வாத்தியக்காரர்கள் நடுவில் மெட்டை மாற்றி மாற்றி வாசித்து ஆட்டத்துக்குச் சூடேற்றுகிறார்கள். அதில் அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்திருக்கிறது. ஆனால் மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் கால் தானாகவே வழியைத் தெரிந்துகொண்ட காலம் போயிற்று. அதனால்தான் மேடையிலிருப்பவர் அவ்வளவு கூவ வேண்டியிருக்கிறது.

சரி, நான் கேட்பதுதான் என்ன? நவீன நடனங்களை எல்லாம் நெருப்பில் போடு என்றா? இல்லை. மருமகன் ஸ்விங் ஆடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வருகிறபோது இருக்கிற முகம் இல்லை அது. அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. ஓர் இரவில் பன்னிரண்டு ஆட்டம் என்றால், அதில் ஒன்று நிற்கிற ஆட்டமாக இருக்கட்டும். அதையும் எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போகிற சமயம் பார்த்துப் போடாமல், ஹால் நிறைந்திருக்கும்போது போட வேண்டும். வரிசையை ஆறு ஜோடியாக வெட்ட வேண்டும். கடைசி ஜோடி தலைக்கு வந்து, ஆடி, கீழே இறங்குகிற வரைக்கும் மெட்டை நிறுத்தக் கூடாது. கடிகாரத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கமாக வைத்துவிட்டாலும் சரி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறவர்களை எல்லாம் கால்பக்கத்தில் நிறுத்த வேண்டும். நிற்கிறவர்கள் சுழலக் கூடாது, கைத்தட்டக் கூடாது, பார்க்க வேண்டும்.

இதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதாக மருமகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். தன் அபிப்பிராயமாகச் சொல்ல மாட்டானாம்; ஊரிலிருந்து வந்திருந்த மாமாவின் அபிப்பிராயம் என்றுதான் சொல்லுவானாம்.